யாருக்கும் மைனஸ் போடாத அக்கா

அக்காவுக்கு எதையும் மூட வரும்; திறக்க வராது. ஊறுகாய்ப் போத்தல், தண்ணீர்க் குழாய், மண்ணெண்ணெய் டின் எதுவானாலும் அவர் மூடியதை இன்னொருவர் வந்துதான் திறக்க வேண்டும். கையில் பலம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைப்பவர்கள் அவர் மூடிய போத்தல் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். சிக்கல் பலத்தில் இல்லை, திசையில் இருந்தது. மூடும்போது கை கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றுகிறது. திறக்கும்போது அதற்கு எதிராகச் சுற்றுகிறது. எதிராக எதையும் சுற்றுவதில்லை என்பது அக்காவின் கொள்கை.

"நல்ல காரியத்துக்கு வலம்தான் தம்பி. எதிர்ப்பக்கம் சுத்துறது எழவு வீட்டுல. ஊறுகாய்க்கு என்ன எழவா விழுந்துச்சு?" என்பார்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாலோ என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு இருந்தது. இப்போது குடும்பத்தோடு கோத்தா திங்கிப் பக்கம் போய்விட்டார். போகும்போது என் மனைவிக்கு ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் எங்கள் சமையலறையில் திறக்காமல் இருக்கிறது. முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

நாங்கள் இருவரும் குளுவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் பண்டகப் பிரிவில். அக்கா பல ஆண்டுகள் பொட்டலம் கட்டும் வரிசையில் நின்றவர். பிறகு இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்குத் தற்காலிக மேற்பார்வையாளராக வந்தார். எதையும் திறக்காத ஒருவர் பராமரிப்புப் பிரிவில் எப்படிக் காலம் தள்ளினார் என்று கேட்கலாம். இயந்திரத்தைக் கழற்றுவது ஒரு வங்காளதேசத் தொழிலாளரின் வேலை. திரும்பப் பூட்டுவது அக்காவின் வேலை. இருவருக்கும் நடுவே பொது மொழி என்று எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவில் ஓர் இயந்திரம்கூட ஆட்டம் கண்டதில்லை. சில இயந்திரங்களை அதன் பிறகு யாராலும் கழற்ற முடியவில்லை என்பது வேறு விஷயம்.

தற்காலிகப் பதவி நிரந்தரமாக வேண்டுமென்றால் டிப்ளோமா வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேலை செய்பவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். அந்த ஆண்டுகளில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். என் காரில்தான் இருவரும் பாலோவிலிருந்து போய்வருவோம். மற்ற பாடங்களை அக்கா எளிதாகத் தாண்டிவிட்டார். இயந்திரவியல் பாடத்தில் மட்டும் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

"பேக்கிங்ல நின்னு நின்னு என் காலு ரெண்டும் மரக்கட்டையாப் போச்சு. திரும்ப அங்க நிக்க என்னால முடியாது தம்பி. இந்த ஒரு பேப்பர்தான் குறுக்க நிக்குது" என்று காரில் ஒருநாள் சொன்னார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

குறுக்கே நின்றது உண்மையில் பாடம்கூட இல்லை. பாடத்தில் ஒரே ஒரு அதிகாரம், திருப்புவிசை. ஒரு பலகையை ஒரு புள்ளியில் தாங்கி நிறுத்தியிருக்கிறோம். அதன்மேல் பல விசைகள் அழுத்துகின்றன. ஒவ்வொரு விசையையும் தாங்குபுள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். பலகையை ஒரு பக்கம் சுற்றப் பார்ப்பவற்றுக்குப் பிளஸ், மறுபக்கம் சுற்றப் பார்ப்பவற்றுக்கு மைனஸ். எல்லாவற்றையும் கூட்டினால் சைபர் வரவேண்டும். சைபர் வந்தால் பலகை அசையாமல் நிற்கிறது என்று பொருள். புத்தகத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் பிளஸ்.

விரிவுரையாளர் மலாய்க்காரர், எங்கள் இருவரையும்விட இளையவர், பொறுமைசாலி. இதைக் கரும்பலகையில் அவர் எழுதிய அன்றே அக்கா எழுந்து நின்றுவிட்டார். பேச்சு மலாயில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், எதிர்ப்பக்கம் எப்படி பிளஸ் ஆகும்?"

"அது சும்மா ஒரு ஏற்பாடு, காக்." மலாயில் அக்காவைக் காக் என்பார்கள். "எல்லாரும் ஒத்துக்கிட்ட ஏற்பாடு."

"நான் ஒத்துக்கலையே. இந்த நாட்டு ரவுண்டபவுட் எல்லாம் எந்தப் பக்கம் சுத்துது?"

அவர் யோசித்தார். "கடிகாரப் பக்கம்."

"நான் உங்க புத்தகத்து பிளஸ் பக்கம் போனா என் லைசென்ஸ் என்ன ஆகும்?"

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு, "சரி காக், உங்களுக்குக் கடிகாரப் பக்கம் பிளஸ். தாராளமா வச்சுக்கோங்க. முதல் வரியில எதைப் பிளஸ்னு எடுத்தீங்கன்னு எழுதுங்க, நடுவுல மட்டும் மாத்தாதீங்க. விடை சரியா வரும்" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. காரணம், அக்காவுக்கு விசைகள் எல்லாம் சொந்தக்காரர்கள். படத்தில் ஓர் அம்புக்குறியைப் பார்த்தால் அதற்கு உடனே ஓர் உறவு வைத்துவிடுவார். பெரிய அம்பு பெரியப்பா. சாய்வாக வருவது எப்போதும் மச்சினன். பலகையின் சொந்த எடை நடுவில் தாங்குபுள்ளியின்மேலேயே இறங்கினால், தூரம் இல்லாததால் அதற்குத் திருப்புவிசை கிடையாது. இது மட்டும் அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

"நடுவுல சும்மா உட்கார்ந்திருக்காரு, ஒண்ணும் பண்றதில்ல. எங்க வீட்டுக்காரரு மாதிரி. அவருக்கு சைபர்."

சைபர் போடுவதில் அக்காவுக்குத் தயக்கமே இருந்ததில்லை. மைனஸ் போடுவதுதான் முடியாது.

சீசா பலகைக் கணக்கு ஒன்று வந்தது. வலப்பக்கம் ஒரு குழந்தை, இடப்பக்கம் அதன் தாய். குழந்தை பலகையைக் கடிகாரப் பக்கம் சாய்க்கிறது. அக்காவின் ஏற்பாட்டின்படி பிளஸ். தாய் எதிர்ப்பக்கம். நான் எட்டிப் பார்த்தபோது தாய்க்கும் பிளஸ் போட்டிருந்தார்.

"அக்கா, அம்மாவுக்கு மைனஸ்."

"பெத்தவளுக்கு மைனஸா? நல்லா இருக்கு தம்பி நீ பேசுறது. புள்ளைய விளையாட்டு காட்ட அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கா. வேலை வெட்டி இல்லாமலா உட்கார்ந்திருக்கா?"

"அவங்க நல்லவங்கதான். திசைதான் மைனஸ்."

"நல்லவங்கன்னு தெரிஞ்சே மைனஸ் போடச் சொல்றே பாரு."

விடைத்தாளைப் பார்த்த விரிவுரையாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அலாமாக், காக்! எல்லாமே பிளஸ். உங்க சீசா ஒரே பக்கமா சுத்துதே! அந்தத் தாயும் புள்ளையும் இந்நேரம் சிங்கப்பூர்ல போய் விழுந்திருப்பாங்க."

அதன் பிறகு அக்கா எழுதிய எல்லாப் பலகைகளும் சுற்றின. பாரந்தூக்கி சுற்றியது. தராசு சுற்றியது. தோட்டத்து வாசற்கதவு ஒன்று அதன் கீலோடு சுற்றியது. யாருக்கும் மனம் நோகாமல் எழுதப்பட்ட கணக்குகள் அவை. இரண்டு தேர்விலும் அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் பசியாறப் போகும் கடையில் ரொட்டி சானாய் போடுபவர் ஒரு தமிழ் முஸ்லிம். அவருக்கு இடதுகைப் பழக்கம். மாவைக் காற்றில் வீசும்போது அது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அக்கா முதல் நாளே அதைப் பார்த்துவிட்டார்.

"பாய், எனக்கு அந்த ரொட்டி வேணாம். அந்தப் பக்கமா வீசிப் போடுங்க."

"அக்கா, வயித்துக்குள்ள போனா அது எந்தப் பக்கம் சுத்துனா என்னா?"

"அது உங்க வயிறு. என் வயித்துல வலமாத்தான் சுத்தும்."

அவர் வலதுகையால் முயன்றார். முதல் ரொட்டி அடுத்த மேசைக்குப் போனது. இரண்டாவது விசிறியின் இறக்கையில் போய்த் தொங்கியது. மூன்றாவதை அக்கா சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்களைக் கண்டாலே அவர், "அக்காவுக்குத் தோசை!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார். தோசையைத் தேய்ப்பது அவருடைய மச்சான். அவருக்கு வலதுகைப் பழக்கம்.

மூன்றாவது தேர்வுக்கு முந்திய வாரம், என் காரின் பின் இடது சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அக்கா ஸ்பேனரை வாங்கி, நட்டுகள் ஒவ்வொன்றிலும் மாட்டி, கைப்பிடியின் மேல் ஏறி நின்று முடுக்கினார். அவர் நல்ல உடல்வாகு உள்ளவர். சத்தம் நின்றுவிட்டது.

தேர்வன்று காலை பாலோவிலிருந்து கிளம்பி, இரு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நிற்கும் நீண்ட சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அதே சக்கரத்தின் டயர் வெடித்தது.

கையில் நேரம் இருந்தது. சக்கரம் மாற்றத் தெரிந்தவனுக்குப் போதுமான நேரம்தான். காரைத் தூக்குமுன் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. ஏறி நின்றேன். நான் மெலிந்தவன், கைப்பிடியின் மேல் ஒரு பறவை உட்கார்ந்தது போல நின்றிருந்தேன். குதித்தேன். கால்தான் வலித்தது.

"அக்கா, நீங்க முடுக்கினது. நீங்கதான் தளர்த்தணும்."

"எந்தப் பக்கம்?"

"எதிர்ப்பக்கம்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பரீட்சைக்குப் போற நேரத்துல எதிர்ப்பக்கமா? ரெண்டு வாட்டி பெயிலானவகிட்ட சொல்ற பேச்சா இது?"

நான் பதில் சொல்லுமுன் ஸ்பேனரைத் தம் வலப்பக்கம் நீட்டி மாட்டி, மேலே ஏறி ஒரு மிதி மிதித்தார். நட்டு இன்னும் ஒரு சுற்று உள்ளே போனது. அதுவரை அங்கே இடம் இருந்ததே எனக்கு வியப்பாக இருந்தது.

"அக்கா! அது மூடுற பக்கம்!"

"எனக்குத் தெரியும் லா! பழக்கத்துல காலு போயிடுச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு, "விடு தம்பி. நீ யாராச்சும் வண்டிய மறிச்சுப் போய் எழுது. எனக்கு பேக்கிங்தான்னு எழுதியிருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எதிரே போய் நின்று, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன். "இது எந்தப் பக்கம்? சொல்லுங்க."

"எதிர்ப்பக்கம். என்ன சகுனமோ."

"நான் வலமாத்தானே சுத்துறேன்!"

"கண்ணு கெட்டுப் போச்சா? வலம் இப்படி." எழுந்து நின்று தம் விரலால் சுற்றினார். எனக்கு அது எதிர்ப்பக்கமாகத் தெரிந்தது. சொன்னேன். அவர் இன்னும் பெரிதாகச் சுற்றிக் காட்டினார். நானும் விடவில்லை. நடுத்தர வயதுக்காரர்கள் இருவர் சாலையோரத்தில் எதிரெதிரே நின்று காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று வேகம் குறைத்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். சைகையை வணக்கம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவரும் ஒரு விரலை நீட்டி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா விறுவிறுவென்று நடந்து என் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாக என் விரலைப் பார்த்தார். "சுத்து." சுற்றினேன். முன்னால் போய் நின்றார். "சுத்து." சுற்றினேன். மறுபடி பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"பூசாரி தீபம் காட்டுறாரு இல்ல?"

"ஆமா."

"நம்ம பக்கத்துலருந்து பார்த்தா வலம்."

"ஆமா."

"சாமி அந்தப் பக்கம் நின்னுல்ல பார்க்குது."

அக்கா வாயில் கை வைத்தார். "அப்ப சாமிக்கு எதிர்ப்பக்கம்! இத்தனை வருஷமா எதிர்ப்பக்கமாவே காட்டிக்கிட்டு இருந்திருக்கோம்!"

எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு டயருக்காக ஒருவரின் பக்தியில் கை வைத்துவிட்டோமே என்று பதறி, "அதெல்லாம் சாமி கண்டுக்காது அக்கா" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். ஒரு வார்த்தை சொல்லலியே! கோவிச்சிருந்தா என் ரெண்டு புள்ளைங்களும் நல்லா படிச்சு வேலைக்குப் போயிருக்குமா?" பிறகு தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "அப்ப சாமி பக்கத்துலருந்து பார்த்தா எதிர்ப்பக்கம்தான் பிளஸ். உங்க புத்தகம் அங்க நின்னுக்கிட்டு எழுதுன புத்தகம். நகரு."

ஸ்பேனரை இடப்பக்கம் நீட்டி மாட்டினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஏறி மிதித்தார். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். செம்பனை மரத்திலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. நட்டு தளர்ந்திருந்தது.

மற்ற நட்டுகளையும் அக்காவே தளர்த்தினார். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது, "அம்மாடி!" என்று சொல்லிச் சிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ திறக்கிறவரின் சிரிப்பு அது. வேலை முடிந்தும் நிறுத்த மனம் வராமல், நல்லபடியாக இருந்த முன் சக்கரத்தின் பக்கம் போகப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றினேன்.

குளுவாங் வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. "அந்த சீசா அம்மாவுக்கு நான் மைனஸ் போட்டிருக்கலாம் தம்பி. அவ புருஷன் பலகைக்கு அந்தாண்ட நின்னு பார்த்தா அவளுக்குப் பிளஸ்தானே. நாம இந்தப் பக்கம் நிக்கிறோம், அதான் மைனஸ். அவளுக்கு என்ன குறைச்சல்?" இதைத்தான் விரிவுரையாளர் மூன்று பருவமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் நினைவூட்டவில்லை.

கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் தேர்வு மண்டபத்துக்குள் ஓடினோம். இருவர் கையிலும் கறுப்பு மசகு. எனக்கு அன்று வேறு பாடத்தில் தேர்வு; அதே மண்டபத்தில் அக்காவுக்கு இரண்டு மேசை பின்னால் இடம் கிடைத்தது. அக்காவின் தாளில் கடைசிக் கேள்வி திருப்புவிசை. இரண்டு முட்டுகளின்மேல் ஒரு பலகை. பலகையின்மேல் சாயம் அடிப்பவர் ஒருவர், கையில் வாளியோடு. எதிர்ப்பக்கத்தைப் பிளஸ் என்று வைத்து, இடப்பக்க முட்டுக்கட்டையைத் தாங்குபுள்ளியாக எடுத்தால் அவர் எடைக்கு மைனஸ்தான் போட வேண்டும்.

மண்டபம் அமைதியாக இருந்தது. முன்னால் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"மன்னிச்சுக்குங்கண்ணே."

கண்காணிப்பாளர் ஒரு சீனப் பெண்மணி, கண்டிப்பானவர். நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். தேர்வில் பேசினால் தாளைப் பிடுங்கிவிடுவார்கள்.

"யாரோட பேசுறீங்க?" என்று மலாயில் கேட்டார்.

அக்கா பேனாவின் முனையால் கேள்வித்தாளில் இருந்த சாயக்காரரைக் காட்டினார். "இவருகிட்டதான். மைனஸ் போட்டேன். அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

அந்தப் பெண்மணி சாயக்காரரைப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். முன் மேசையில் இருந்தவரைப் பார்த்தார், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவின் விடைத்தாளைப் பார்த்தார். கடைசியில் தம் இடத்துக்குப் போய், அங்கிருந்து தேர்வு முடியும்வரை அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "முதல் வரியில எது பிளஸ்னு எழுதினீங்களா?"

"எழுதினேன். எதிர்ப்பக்கம் பிளஸ். பக்கத்துல சின்னதா ஒரு தீபம் வரைஞ்சேன், திருத்துறவருக்குப் புரியட்டும்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, எல்லாத்தையும் கூட்டினேன். சைபர் வந்துச்சு. பலகை நின்னுச்சு. எனக்கு அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல. அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அண்ணன் பாட்டுக்கு நிம்மதியா சாயம் அடிச்சுக்கிட்டிருக்காரு."

முடிவு வந்தது. அக்கா தேறினார். திருத்தியவர் அந்தத் தீபத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

பதவி நிரந்தரமான அன்று, நிர்வாகம் அவருக்குக் கண்ணாடி போட்ட ஒரு சிறிய அறையும் ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தது. கையெழுத்துக்காகச் சில தாள்களை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலால் தரையை உந்தி, கடிகாரப் பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றினார். நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மறுபக்கமாக உந்தி, அதே போல ஒரு முழுச் சுற்று சுற்றினார். பாதிச் சுற்றில் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை, சுற்றை முடித்துவிட்டுத்தான் நின்றார்.

கதவைத் திறந்து, "அந்த எதிர்ப்பக்கச் சுத்து யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"பெயிண்டர் அண்ணனுக்கு" என்றார்.